கேம்ப் அறையில் கிட்டார்: முதல் ஆறு மாதங்கள் குறித்து ஓர் ஆய்வு

கிட்டார் தொடக்கநிலைப் பாடநூல் எதைப் பிரித்தாலும், அது ஒரு குறிப்பிட்ட மாணவரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருப்பது தெரியும். அவருக்குத் தனி அறை இருக்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் ஓய்வு இருக்கிறது. சத்தம் வந்தால் முகம் சுளிக்க ஆளில்லை. விரல்கள் பகலெல்லாம் கம்பி வளைத்துக் களைத்திருக்கவில்லை. ஷார்ஜா தொழில்பேட்டையில் தங்கி வேலை பார்க்கும் தமிழர் பெரும்பாலானோருக்கு இந்த நான்கில் ஒன்றுகூட வாய்ப்பதில்லை.

நேஷனல் பெயின்ட்ஸ் பகுதியிலிருந்து சஜா வரை, எண்ணிட்டுப் பிரித்த இந்தப் பேட்டைகளில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும் பழைய வண்டி உதிரிபாகக் கடைகளும் கிடங்குகளும் தொழிலாளர் தங்கும் கேம்புகளும் நெருங்கி நிற்கின்றன. இங்கே தூங்கி, துபாயில் சைட் வேலைக்குப் போகிறவர்களும் ஏராளம். விடியுமுன் பஸ், இருட்டிய பின் திரும்பும் பஸ், பிறகு குளியல், மெஸ், ஊருக்கு ஒரு போன். சட்டப்படி நாளுக்கு 8 மணி நேர வேலை, அதற்கு மேல் பொதுவாக 2 மணி நேர ஓ.டி., வாரத்தில் ஒரு நாளாவது விடுப்பு. பஸ் பயணம் இந்தக் கணக்கில் சேராது.

இப்படி வாழும் ஒருவர், இசை எதுவும் முன்பின் பயிலாதவர், கிட்டார் கற்க விரும்பினால் எங்கே தொடங்குவது? எந்தக் கருவி, எவ்வளவு நேரம், யாரிடம், எந்த முறை? இக்கேள்விகளுக்கு உலகில் நிலவும் பதில்களைத் தொகுத்து, கேம்ப் வாழ்க்கையின் தரையில் நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இடையில் நிற்பது ஏன்?

புதிதாகக் கிட்டார் தொடங்குவோரில் 90 விழுக்காட்டினர் முதல் ஆண்டுக்குள் கைவிட்டுவிடுகிறார்கள் என்று ஃபெண்டர் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆண்டி மூனி பல பேட்டிகளில் சொன்னார். கிட்டார் விற்கும் நிறுவனமே இப்படி ஒத்துக்கொண்டது கவனிக்கத்தக்கது. அந்த நிறுவனம் 2017-இல் ஃபெண்டர் பிளே என்ற கற்பித்தல் செயலியைக் கொண்டுவந்ததும் இந்தக் கவலையால்தான்.

கைவிட்டவரைக் கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்: வயதாகிவிட்டது, எனக்கு இசை ஞானம் இல்லை. இரண்டும் வலுவான காரணங்கள் இல்லை. அமெரிக்க உளவியல் அறிஞர் கேரி மார்கஸ் நாற்பது வயதை நெருங்கியபோது கிட்டாரை முதன்முதலாகத் தீவிரமாகக் கையில் எடுத்து, அந்த அனுபவத்தை மூளை அறிவியலோடு சேர்த்து 2012-இல் 'கிட்டார் ஜீரோ' என்ற நூலாக எழுதினார். சிறுவயதில் தொடங்காதவர் பிறகு கற்கவே முடியாது என்ற நம்பிக்கைக்குப் போதிய ஆதாரமில்லை என்பதே அவர் வந்தடைந்த இடம். ஆனால் அவருக்குப் பணியிலிருந்து நீண்ட விடுப்பு கிடைத்தது. நம் வெல்டருக்கும் ஹெல்பருக்கும் அது இல்லை. தடை வயதில் இல்லை, வாய்ப்பில் இருக்கிறது என்பதையே இந்த வேறுபாடும் காட்டுகிறது.

நம்மிடமே பெரிய சான்று உண்டு. 1943-இல் பிறந்த இளையராஜா, 1960-களின் இறுதியில் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் பயின்றபோது இருபத்தைந்து வயதை ஒட்டியிருந்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வை எழுதியதும், ஜி.கே.வெங்கடேஷ், சலில் சௌத்ரி ஆகியோரின் இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்ததும் அதற்குப் பிறகுதான். அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் சிறுவயது முதலே ஆர்மோனியம் வாசித்த கை அது என்பதையும் மறக்கக் கூடாது. எனினும் நோட்டேஷன் படிப்பும் கிட்டார் தேர்வும் பெரியவரான பிறகு வந்தவை.

கேம்பில் இசை ஆர்வம் இருக்கிறதா என்று ஐயப்படுவோருக்கு 'சாம்ப் ஆஃப் த கேம்ப்' ஆவணப்படம் பதில் சொல்லும். ஐக்கிய அரபு அமீரகத்துத் தொழிலாளர் குடியிருப்புகளில் நடந்த பாட்டுப் போட்டியைப் பின்தொடர்ந்து மஹ்மூத் கபூர் இயக்கிய அந்தப் படம் 2013-இல் துபாய் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. நாள் முழுக்க வேலை பார்த்தவர்கள் நூற்றுக்கணக்கான இந்திப் பாட்டுகளை வரி மாறாமல் மனத்தில் வைத்திருந்தார்கள். நம் கேம்புகளில் போனைக் கையில் பிடித்துக் கரோக்கி பாடும் தமிழ்க் குரல்களும் அதே வகைதான். காது தயாராக இருக்கிறது. கைக்குத்தான் வழி வேண்டும்.

எந்தக் கிட்டார்?

தொடக்கநிலையாளருக்கு மூன்று பரிந்துரைகள் புழக்கத்தில் உள்ளன. உருக்குக் கம்பி அக்கூஸ்டிக், நைலான் கம்பி கிளாசிக்கல், எலெக்ட்ரிக்.

கடைகளில் அதிகம் விற்பது உருக்குக் கம்பிக் கிட்டார். யமஹா எஃப்310 போன்றவை இந்த வகை. ஒலி கணீரென்று இருக்கும். கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக, அடித்துப் பாட ஏற்றது. ஆனால் வழக்கமான 12 அளவுக் கம்பி போட்டால் ஆறு கம்பிகளின் மொத்த இழுவிசை 70 கிலோவைத் தாண்டும். நைலான் கம்பியில் அது ஏறக்குறைய 40 கிலோதான். யமஹா சி40 போன்ற நைலான் கிட்டாரில் விரல் வலி வெகுவாகக் குறையும், சத்தமும் மென்மையாக இருக்கும். அதன் கழுத்து அகலம், மேல்முனையில் சுமார் 52 மில்லிமீட்டர். உருக்குக் கம்பிக் கிட்டாரில் அது 43 அளவில் இருக்கும். கட்டுமான வேலையில் தடித்த விரல்களுக்கு இந்தக் கூடுதல் இடைவெளி பெரிய உதவி, பக்கத்துக் கம்பியில் விரல் இடிக்காது. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பி மிக மெல்லியது, ஆம்ப் இணைக்காமல் வாசித்தால் பக்கத்துக் கட்டிலுக்குக்கூடச் சரியாகக் கேட்காது. ஆனால் ஒலி வேண்டும் என்றால் ஹெட்போன் ஆம்ப், கேபிள் என்று செலவு நீளும்.

விதிகளின்படி தொழிலாளர் அறையில் ஒருவருக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் இடம். கிட்டாரின் நீளமே சுமார் 1 மீட்டர். பெட்டியும் பையும் போக அதை எங்கே வைப்பது என்பது விளையாட்டான கேள்வி இல்லை. இதற்காகச் சிலர் சிறிய கிட்டார்லேலே வாங்குகிறார்கள். கட்டிலிலேயே அடங்கிவிடும். ஆனால் அதன் சுருதி வழக்கமான கிட்டாரைவிட ஐந்து அரைச்சுரம் உயரத்தில் இருப்பதால், மற்றவரோடு சேர்ந்து வாசிக்கும்போது தொடக்கத்தில் குழப்பும். முக்கால் அளவு நைலான் கிட்டார் இதைவிட நல்ல நடுவழி.

வகையைவிட முக்கியமானது கம்பியின் உயரம். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் (ஃபிரெட்) பன்னிரண்டாவதற்கு மேலே தடித்த கம்பி உருக்குக் கிட்டாரில் இரண்டரை மில்லிமீட்டர் அளவிலும், நைலானில் நான்கு மில்லிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். டுபிசில் விளம்பரத் தளத்தில் மலிவாகக் கிடைக்கும் பழைய கிட்டார்கள் பலவற்றில் கழுத்து வளைந்து இந்த உயரம் இரட்டிப்பாகியிருக்கும். அதில் எஃப் கார்டு பிடிக்கத் தேர்ந்த கலைஞரும் திணறுவார். புதியவரோ தன் விரல்தான் சரியில்லை என்று எண்ணி விலகிவிடுவார். வாங்கப் போகும்போது வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவது விலை பேசுவதைவிட முக்கியம்.

வெயிலும் ஏசியும்

கிட்டாரின் மரத்துக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் உகந்தது என்று செய்வோர் சொல்கிறார்கள். ஷார்ஜாவின் கோடை இரவில் வெளியே காற்று பிசுபிசுக்கும். அறைக்குள் இரவு பகலாக ஏசி ஓடும். இந்த இரண்டுக்கும் இடையே தினமும் எடுத்துப் போய் எடுத்து வந்தால் மரம் உப்பியும் சுருங்கியும் மேற்பலகை வெடிக்கலாம். பூட்டிய வண்டிக்குள் விட்டால் பசையே இளகி, கம்பிகளைப் பலகையில் பிணைக்கும் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

செய்ய வேண்டியவை எளியவை. ஏசிக் காற்று நேராகப் படும் சுவரில் சாய்க்காமல், உறைக்குள் போட்டுக் கட்டில் ஓரத்தில் வைக்க வேண்டும். வாசித்து முடித்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்தால் உருக்குக் கம்பி விரைவில் துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி விரலைக் கிழிக்கும். முதல் கிட்டாருக்கு முழு மரத்தைவிடப் பிளைவுட் மேற்பலகையே இந்த ஊருக்குப் பாதுகாப்பு. ஒலியில் சற்றுக் குறைந்தாலும் வெடிப்பைத் தாங்கும்.

உழைத்த கை

உடலுழைப்பால் காய்த்த கைக்குக் கிட்டார் வராது என்பது பரவலான எண்ணம். ஆனால் கம்பி அழுத்தும் இடத்தில் தோல் காய்ப்பதற்குத்தான் புதியவர்கள் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த வகையில் ஸ்டீல் ஃபிக்ஸரின் விரலுக்கு ஓர் அனுகூலமே உண்டு.

உண்மையான சிக்கல்கள் வேறு. கிரைண்டரும் கல் உடைக்கும் இயந்திரமும் நீண்ட காலம் பிடிப்பவர்களுக்கு அதிர்வால் விரல் நரம்பும் ரத்த ஓட்டமும் பாதிக்கப்படும் நோய் ஒன்று மருத்துவத்தில் நன்கு பதிவாகியுள்ளது. விரல் மரத்துப் போவதும் நுனி வெளுப்பதும் அதன் அடையாளங்கள். இரவில் கை மரத்து விழிப்பு வந்தால், கிட்டாரை வைத்துவிட்டு மருத்துவரைப் பார்ப்பதே முதல் வேலை. சிமென்டின் காரத்தால் விரல்நுனி வெடித்தவர்கள் அது ஆறும்வரை வலக்கைத் தாளப் பயிற்சி மட்டும் செய்யலாம். குளித்த கையோடு உட்காரவும் கூடாது. நீரில் ஊறிய தோலைக் கம்பி எளிதில் அறுக்கும். அரைமணி நேரம் கழித்து வாசிப்பது நல்லது.

நேரமும் சத்தமும்

நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற அறிவுரை கேம்பில் பலிக்காது. பலிக்கத் தேவையும் இல்லை. ஒரே நாளில் மொத்தமாகச் செய்வதைவிட, அதே நேரத்தைப் பல நாட்களுக்குப் பிரித்துச் செய்யும் பயிற்சி நினைவில் ஆழமாக நிற்கிறது என்பது கற்றல் ஆய்வுகளில் மிக உறுதிப்பட்ட முடிவுகளில் ஒன்று. விடுப்பு நாளில் மட்டும் ஒன்றேமுக்கால் மணி நேரம் வாசிப்பவரைவிட, தினம் பதினைந்து நிமிடம் வாசிப்பவர் முந்துவார்.

அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தூக்கத்திலிருந்து வெட்டக் கூடாது. 1993-இல் ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்ததை எல்லோரும் பயிற்சி மணிக்கணக்குக்காகவே மேற்கோள் காட்டுகிறார்கள். சிறந்த மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. ஓ.டி. முடிந்து வந்த இரவில் கிட்டாரைத் தொடாமல் படுப்பது சோம்பல் ஆகாது.

பஸ் பயணத்தையும் வீணென்று எண்ண வேண்டியதில்லை. 1995-இல் பாஸ்குவல்-லியோன் குழுவினர் பியானோவில் ஐந்து விரல் பயிற்சி ஒன்றை ஐந்து நாட்கள் கற்பித்தனர். கையை அசைக்காமல் மனத்துக்குள் மட்டும் வாசித்துப் பார்த்தவர்களிடமும் முன்னேற்றம் தெரிந்தது. உண்மையில் வாசித்தவர்களின் அளவுக்கு இல்லை, ஆனால் வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாத அளவு. சி கார்டிலிருந்து ஜி கார்டுக்கு எந்த விரல் முதலில் நகரும் என்று ஜன்னலோரம் கண்மூடி ஓட்டிப் பார்ப்பது பயிற்சியே.

சத்தத்துக்குத் தீர்வு எளிது. பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் மடித்த துணியைச் செருகினால் ஒலி பாதிக்கு மேல் அடங்கிவிடும். பிக் வேண்டாம், கட்டைவிரல் சதையால் மீட்டலாம். நைட் டூட்டி முடித்துப் பகலில் தூங்குபவர் அறையில் இருந்தால், மாடிப்படியோ மெஸ் ஹாலோ தேடிப் போவதே மரியாதை. ரமலான் மாதத்திலும் தொழுகை நேரத்திலும் பொது இடத்தில் வாசிப்பைத் தவிர்ப்பது ஊரின் வழக்கத்துக்கு நாம் தரும் மதிப்பு.

யாரிடம் கற்பது?

இசைப்பள்ளிகள் ஷார்ஜா நகருக்குள்ளும் துபாயிலும் உண்டு. கட்டணமும் டாக்ஸிச் செலவும் வகுப்பு நேரமும் கேம்ப்காரருக்குப் பொருந்துவது அரிது. எஞ்சியவை மூன்று வழிகள்.

முதலாவது, உடன் வேலை பார்ப்பவர். பிலிப்பைன்ஸ் நாட்டவரிடையே கிட்டார் வீட்டுக் கருவி. செபு தீவை ஒட்டிய மாக்டானில் கிட்டார் செய்வதே ஊர்த்தொழில். நல்ல வாசிப்பாளர் ஒருவர் பக்கத்துப் பட்டறையிலேயே இருக்கக்கூடும். தேவாலயங்களின் தமிழ்ப் பாடகர் குழுக்களில் வாசிப்பவர்களும் கேட்டால் சொல்லித் தருவார்கள். முதல் மாதத்தில் தேவைப்படுவது பெரிய வித்துவான் இல்லை. விரல் எங்கே தவறுகிறது என்று நேரில் பார்த்துச் சொல்ல ஒருவர் போதும்.

இரண்டாவது, பதிவு செய்த பாடங்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த ஜஸ்டின் சாண்டர்கோ 2003 முதல் நடத்திவரும் ஜஸ்டின்கிட்டார் பாடங்கள் இலவசம், வரிசை குலையாதவை. தமிழ்க் காணொளிகளும் நிறைய உள்ளன, ஆனால் பெரும்பாலும் தனித்தனிப் பாட்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரே ஆசிரியரின் வரிசையைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் மாறாமல் இருப்பது நல்லது.

மூன்றாவது, ஊரிலுள்ள ஆசிரியரிடம் நேரலை வகுப்பு. அமீரகத்தில் வாட்ஸ்அப் காணொளி அழைப்பு எடுபடாது. ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்றவை இயங்கும். இந்திய நேரம் இங்கிருந்து ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், கேம்பில் இரவு ஒன்பது ஆகும்போது ஆசிரியருக்குப் பத்தரை. விடுப்பு நாள் காலையே இருவருக்கும் தோது. இணையத்தில் ஒலி தாமதிப்பதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது என்ற முறையில்தான் பாடம் நகரும். ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பேசிக்கொள்ள வேண்டும்.

தேர்வு எழுதி முன்னேற விரும்புவோருக்கு டிரினிட்டி முதலிய அமைப்புகளின் கிரேடுகள் உண்டு. 1842-இல் தொடங்கிய சென்னை மியூசி மியூசிக்கல் டிரினிட்டியின் பழைய தேர்வு மையங்களில் ஒன்று. முதல் ஆறு மாதத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

எதில் தொடங்குவது?

இங்கேதான் கருத்து வேறுபாடு அதிகம். நோட்டேஷன் முதலில் என்பது கிளாசிக்கல் மரபு. கார்டு முதலில் என்பது மேற்கின் பாட்டு மரபு. சரளி வரிசை முதலில் என்பது நம் மரபு.

கார்டு வழிக்கு ஒரு பெரிய வலிமை உண்டு: விரைவில் பாட்டு வந்துவிடும். ஈ மைனரில் இரண்டு விரல் போதும். அதிலிருந்து ஜி, சி, டி என்று நகர்ந்தால் ஏராளமான பாட்டுகளுக்குத் துணை வாசிக்கலாம். நம் குரலுக்குச் சுருதி ஒத்துவராவிட்டால் கழுத்தில் கேப்போ என்ற கவ்வியை மாட்டி ஏற்றிக்கொள்ளலாம். எல்லாக் கம்பியையும் ஒரு விரலால் அழுத்தும் எஃப் கார்டை முதல் மூன்று மாதம் ஒத்திவைக்கலாம். சாண்டர்கோ சொல்லும் ஒரு நிமிட மாற்றப் பயிற்சி மிகப் பயனுள்ளது. இரண்டு கார்டுகளுக்கிடையே ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணிக் குறித்துவந்தால், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். களைத்த மனத்துக்கு அந்தத் தெளிவு மிகத் தேவை.

சரளி வரிசையையும் ஒதுக்கத் தேவையில்லை. அது அமைந்த மாயாமாளவகௌளை ராகத்தை ஒரே கம்பியில் வாசிக்கலாம்: திறந்த கம்பி சட்ஜம் என்றால் 1, 4, 5, 7, 8, 11, 12 ஆகிய ஃபிரெட்டுகளில் மற்ற சுரங்கள் கிடைக்கும். தாளத்தைத் தொடையில் போட்டபடி வாயால் பாடி, அதையே விரலால் தேடுவது காதையும் கையையும் இணைக்கும். நோட்டேஷன் தெரியாததால் ஏற்படும் கூச்சமும் போகும். கமகம் இழைக்க ஃபிரெட் இடம்கொடுக்காது என்பார்கள். ராணிப்பேட்டையில் பிறந்த கிட்டார் பிரசன்னா கம்பியை இழுத்தும் வழுக்கியும் கர்நாடக இசையை முழுக் கச்சேரியாகவே வாசித்துக் காட்டிவிட்டார்.

தவிர்க்க வேண்டிய ஒன்று, கேட்டு மயங்கிய முன்னிசையிலேயே தொடங்குவது. 'மூடு பனி' (1980) படத்தில் பிரதாப் போத்தன் கிட்டாரோடு பாடும் பாட்டும், 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தில் ஆர்.சந்திரசேகர் வாசித்த புகழ்பெற்ற கிட்டார் பகுதியும் தமிழர் பலரைக் கடைவாசலுக்கு அழைத்துச் சென்றவை. அவை ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆண்டுக்கணக்கில் தேறிய விரல்கள் வாசித்தவை. முதல் மாதத்தில் அவற்றை முயன்று தோற்பவர் கிட்டாரையே விட்டுவிடுகிறார். அதே பாட்டுகளுக்குக் கார்டு துணை வாசித்துப் பாடுவது சில மாதங்களில் கைகூடும்.

முடிவு

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் கேம்புக்கு ஏற்ற தொடக்கம் தெளிவாகிறது. பிளைவுட் மேற்பலகையுள்ள நைலான் கிட்டார், தணிவான கம்பி. தினம் பதினைந்து நிமிடம், தூக்கம் குறையாமல். நான்கு கார்டு, ஒரு பாட்டு, ஒரு கம்பியில் சரளி வரிசை. பதிவுப் பாட வரிசை ஒன்று, விரலைப் பார்த்துத் திருத்த நேரில் ஒருவர். இதில் கடைசி இரண்டும் இல்லாமல்தான் பலர் நிற்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். விழாக்களுக்கு ஊரிலிருந்து பாடகர்களை வரவழைக்கும் நம் தமிழ்ச் சங்கங்களும், கேம்புகளில் கேரம் போர்டும் தொலைக்காட்சியும் வைத்துக் கொடுக்கும் நிறுவனங்களும், பொழுதுபோக்கு அறையில் இரண்டு நைலான் கிட்டார்களையும் உபரிக் கம்பிகளையும் வைக்கட்டும். வாசிக்கத் தெரிந்தவர் விடுப்பு நாளில் ஒரு மணி நேரம் அங்கே உட்காரட்டும். சொந்தமாக வாங்கப் பணமில்லாதவரும், வைக்க இடமில்லாதவரும் அங்கே தொடங்கலாம். ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த தம்பிமார்களே, அடுத்த விடுப்பு நாளில் பக்கத்துக் கட்டில் அண்ணனுக்கு ஈ மைனரைச் சொல்லிக் கொடுங்கள்.